தேசிக்காயா தோடம்பழமா? புறூட் சலட்டில் பிழிய எது?

வெள்ளவத்தையில் பப்பாசியும் அன்னாசியும் வாங்கி வந்து வெட்டத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு இந்தக் குழப்பம் வரும்.

செலவு: தேசிக்காய் ஒன்று போதும். தோடம்பழம் குறைந்தது இரண்டு பிழிய வேண்டும், இறக்குமதிப் பழமென்றால் கை கடிக்கும். பச்சைத்தோல் உள்ளூர்ப் பிபிலைத் தோடம்பழம் கிடைத்தால் சரி.

நிறம்: இங்கே தேசிக்காய்தான். அதன் கூடிய புளிப்பு வாழைப்பழமும் அப்பிளும் கறுப்பதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும், தோடஞ்சாற்றுக்கு அவ்வளவு பலம் இல்லை.

சுவை: ஒரு மேசைக்கரண்டி தேசிச்சாற்றுக்கு அதேயளவு தேன். தோடைக்குத் தேனே வேண்டாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

அன்னாசி புளித்தால் தோடம்பழம். பப்பாசி, வாழைப்பழம் அதிகமென்றால், அல்லது ஒஃபிசுக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால், தேசிக்காய். உப்பு போடுவதானால் சாப்பிடும்போது போடுங்கள், இல்லாவிட்டால் பழம் தண்ணி விட்டுவிடும்.