ஆடாசிட்டி: இஞ்சின் சத்தத்துக்கு நம்பலாம், காற்றுக்கு நம்ப வேண்டாம்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களே படகிலிருந்து வீடியோ எடுத்துப் போடுவது இப்போது சாதாரணம். படம் நன்றாகவே வருகிறது. குரல்தான் கெடுகிறது. வலையில் என்ன மீன் ஏறியது என்று சொல்வது டீசல் இஞ்சின் சத்தத்தில் அமுங்கிவிட்டால், பார்க்கிறவர் அரை நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அந்தக் குரலை மீட்க, காசில்லாமல் கிடைக்கிற கருவிகளில் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள்தான் முதலில் வைக்க வேண்டியது.

1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோஜர் டேனன்பர்க் என்ற பேராசிரியரும் டொமினிக் மஸ்ஸோனி என்ற மாணவரும் தொடங்கிய வேலை இது. 2000 மே மாதம் மூலநிரலோடு வெளியில் விட்டார்கள். டேனன்பர்க் டிரம்பெட் வாசிப்பவர். ஒலியை நிரலாக எழுத நைக்விஸ்ட் என்று ஒரு மொழியையே உருவாக்கியவர். அந்த மொழி ஆடாசிட்டிக்குள் இருக்கிறது, கீழே சொல்லும் இரண்டு ஃபில்டர்களும் அதில் எழுதியவைதான். ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செய்த வேலையை நாட்டுப்படகுக்காரர் வீட்டு லேப்டாப்பில் செய்ய முடிவதற்கு அந்த இருவரின் தாராளம் ஒரு காரணம்.

முதல் முட்டுக்கட்டை கோப்பைத் திறப்பதிலேயே வரும். விண்டோஸில் கைபேசி வீடியோவை நேரடியாக இழுத்துப் போட்டால் ஏற்காது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற துணை மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும். ஒருமுறை செய்தால் போதும். கையோடு புராஜெக்ட் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரி என்ற அளவை) 48000 ஆக்கிவிடுங்கள், வீடியோ ஒலி பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும்.

இஞ்சின் சத்தத்துக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன். யாரும் பேசாமல் இஞ்சின் மட்டும் ஓடுகிற இடத்தில் ஒன்றிரண்டு விநாடியைத் தேர்ந்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்த வேண்டும், எது சத்தம் என்று அதற்குக் காட்டும் மாதிரி இது. பிறகு முழுவதையும் தேர்ந்து அதே எஃபெக்டை மறுபடி திறக்க வேண்டும். அதில் குறைக்கும் அளவு 12 டெசிபல், சென்சிட்டிவிட்டி 6, ஸ்மூத்திங் 3 என்று வையுங்கள். அதிலேயே தொடங்கலாம். சத்தம் போகவில்லையே என்று 20, 24 என ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொழகொழக்கும். 'ரெசிடியூ' என்ற தேர்வைப் பலர் தொடுவதே இல்லை. அதைப் போட்டு முன்னோட்டம் கேட்டால் எது வெளியே போகிறது என்று தெரியும். போகிற குப்பையில் பேச்சு கேட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

இன்னொரு சிக்கல் ஆக்சிலேட்டர். வலை விடும்போது இஞ்சின் ஒரு வேகம், கரைக்குத் திரும்பும்போது வேறு வேகம். ஒன்றில் எடுத்த புரொஃபைல் மற்றதில் பலிக்காது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதனால் படம் பிடிக்கும்போதே, வேகம் மாறும் ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

காற்றில்தான் ஆடாசிட்டி தோற்கிறது. அதன் குற்றமும் அல்ல. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடலில் மைக்கின் மேல் காற்று மோதினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வியூ மெனுவில் 'ஷோ கிளிப்பிங்' போட்டுப் பாருங்கள், அந்த இடங்களில் சிவப்புக் கோடுகள் நிற்கும். அங்கே தொலைந்த பேச்சை எந்த எஃபெக்டாலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது. லேசான காற்றென்றால் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரில் 100 ஹெர்ட்ஸ், ரோல்-ஆஃப் (வெட்டு எவ்வளவு செங்குத்து என்ற அளவு) 24 வைத்தால் உறுமல் குறையும். 150-ஐத் தாண்டினால் ஆண் குரல் தகரம் தட்டும். சட்டைக்குள் குத்திய காலர் மைக், அதன்மேல் ரோமத்துணி உறை, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நிற்பது: இந்த மூன்றும் செய்வதை மென்பொருள் செய்யாது.

ஐஸ் கம்பெனி, ஏலக்கூடம் மாதிரி இடங்களில் வரும் மின்சார ரீங்காரத்துக்கு, ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர். திறந்தவுடன் அதில் 60 என்று இருக்கும், அது அமெரிக்க மின்சாரம். நமக்கு 50. அடங்காவிட்டால் 100-க்கும் 150-க்கும் ஒருமுறை போடலாம்.

'ட்ரங்கேட் சைலன்ஸ்' பக்கம் மட்டும் போகாதீர்கள். இடைவெளியைச் சுருக்கிவிடுவதால் வாயசைவும் குரலும் பிரிந்துவிடும். வேலை முடிந்ததும் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, வீடியோ எடிட்டரில் பழைய ஒலியை அணைத்துவிட்டு இதை வைக்க வேண்டும்.

வட்டில் இடம் வேண்டும். 48000-இல் பத்து நிமிட ஸ்டீரியோ சுமார் 230 எம்பி. முழு நீளத்துக்குப் போடும் ஒவ்வொரு எஃபெக்டும் 'அன்டூ'வுக்காக அதே அளவு இன்னொரு பிரதி எழுதும். சேமித்து மூடினால்தான் குறையும். 2021-இல் வந்த 3.0 முதல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பென்டிரைவில் ஏற்றும்போது பக்கத்திலுள்ள டேட்டா ஃபோல்டரையும் சேர்த்தே எடுக்க வேண்டும். சின்ன புராஜெக்ட் கோப்பை மட்டும் எடுத்துப் போனால் திறக்கும், ஒலி இருக்காது.

கைபேசிக்கு ஆடாசிட்டி கிடையாது, கணினி வேண்டும். பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தால், கற்றுக்கொள்ள ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தாராளம்.