17 அங்குல பிக்சர் டியூப் மானிட்டர்: திறந்து பழுதுபார்க்கத் தகுந்ததா?

பழைய மானிட்டரைப் பொறுத்தவரை போர்டில் எது போனாலும் வழி உண்டு, டியூப் போனால் வழியில்லை. அதனால் மதிப்பீட்டை டியூபிலிருந்துதான் தொடங்க வேண்டும். நன்றாக ஆறிய நிலையில் ஆன் செய்து முழு வெள்ளைத் திரையை வையுங்கள். அரை நிமிடத்தில் வெளிச்சம் ஏறி, மூன்று நிறமும் சேர்ந்து சுத்தமான வெள்ளை வந்தால் கவலையில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் சிவப்பு எட்டிப் பார்க்கிறது, வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து ஒரு பக்கமாக இழுகுகிறது என்றால் கேத்தோடு, அதாவது டியூபின் கழுத்தில் எலக்ட்ரானை உமிழும் முனை, தேய்ந்துவிட்டது. அதற்குத் தற்காலிக உயிர் கொடுக்கும் ரீஜுவனேட்டர் கருவியைப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அதை நம்பி உதிரி பாகம் வாங்குவது வீண்.

டியூப் தேறிவிட்டால், இந்த வகை மானிட்டர் பழுதுபார்ப்பவருக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். பெரும்பாலானவற்றில் ஒற்றைப் பக்க போர்டு, கால் வைத்த பாகங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அச்சிட்ட எண். சாதாரண சால்டரிங் அயர்னும் உறிஞ்சியும் போதும். மோசமானது பிளாஸ்டிக்தான். சூட்டில் காய்ந்த கொக்கிகள் தொட்டாலே உடையும். திரையைக் கீழ்நோக்கி மெத்தென்ற துணியில் வைத்து, முதலில் சாய்வு ஸ்டாண்டைக் கழற்றி, பின்மூடியின் ஸ்குரூக்களை எடுத்து, கொக்கிகளைத் தட்டையான பிளாஸ்டிக் பட்டையால் அழுத்தி விடுவிக்க வேண்டும். மூடியை நேராக மேலே தூக்குங்கள். சாய்த்து இழுத்தால் டியூபின் கழுத்தில் இடிக்கும். கழுத்துக் கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் காற்று புகுந்து டியூப் அத்தோடு சரி.

இனி மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இரண்டு இடங்களில் சார்ஜ் இருக்கும். டியூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பிக்கு அடியில் உள்ள ஆனோடு, மானிட்டர் ஓடும்போது 25 ஆயிரம் வோல்ட் அளவில் இருக்கும். கிளிப் வைத்த ஒயரின் ஒரு முனையை டியூபின் கருப்புப் பூச்சைச் சுற்றிப் போகும் பின்னல் எர்த் கம்பியில் மாட்டுங்கள். மறுமுனையைப் பிடி நன்கு காப்பிட்ட நீள ஸ்குரூடிரைவரின் தண்டில் மாட்டி, ஒரே கையால் தொப்பிக்கு அடியில் நுழைத்து உலோகத்தைத் தொடுங்கள். எர்த்துக்குப் பதில் போர்டில் எங்காவது கிளிப் மாட்டினால் அந்தப் பொறி ஐசிக்களைக் கொல்லும். சில நிமிடம் விட்டு இன்னொரு முறை செய்ய வேண்டும், கண்ணாடிக்குள் ஒளிந்திருந்த சார்ஜ் மெல்லத் திரும்பி வரும். சத்தம் வராவிட்டாலும் குழப்பமில்லை. இந்த உயர் வோல்டைத் தரும் ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றுக்குள் சார்ஜைத் தானே வடித்துவிடும் பிளீடர் ரெசிஸ்டர் இருக்கிறது.

இரண்டாவது, பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர். 230 வோல்ட் மின்சாரத்தில் அது 320 வோல்ட் வரை தேக்கி வைக்கும். சப்ளையே ஓடாத மானிட்டரில்தான் இது நெடுநேரம் நிற்கும், ஆகவே "செத்த மானிட்டர்தானே" என்று கை வைக்காதீர்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல் பழைய குண்டு பல்பு ஒன்றின் வழியே இறக்கி, மீட்டரில் சரிபாருங்கள்.

அதிகம் வரும் கோளாறு, டிக் டிக் சத்தமும் மினுக்கும் விளக்கும். முதல் சந்தேகம், கதிரைக் கிடையாக ஓட்டும் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர். அதைக் கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, கலெக்டர் எமிட்டர் இரண்டையும் முன்னும் பின்னுமாகப் பாருங்கள். டேம்பர் டயோடு உள்ளேயே இருக்கும் வகையானால் ஒரு பக்கம் 0.5 வோல்ட் அளவு காட்டும், மறுபக்கம் காட்டாது. இரு பக்கமும் பஸ்ஸர் அடித்தால் ஷார்ட். புதியது போட்டு உடனே ஆன் செய்பவர்கள் அதையும் சேர்த்து இழக்கிறார்கள். அது ஏன் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். டிரைவ் டிரான்ஸ்ஃபார்மர் கால்களிலும் யோக் (கழுத்தைச் சுற்றி, கதிரைத் திருப்பும் சுருள்) சாக்கெட்டிலும் மோதிரம் போல வட்ட விரிசல் விழுந்த சால்டர், உள்ளே இணைப்பு அறுந்துபோன 1600 வோல்ட் ரீட்ரேஸ் கண்டன்சர், உள்சுற்று ஷார்ட்டான ஃபிளைபேக், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். முதல் முறை 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் தீரவில்லை. திரையில் சேரும் காந்தத்தை நீக்கும் டீகாஸ் சுருளின் பிளக்கைக் கழற்றி வைக்க மறக்கக் கூடாது, இல்லையேல் அது இழுக்கும் மின்னோட்டமே பல்பை எரியவைத்து ஏமாற்றும்.

திரையில் நடுவே ஒரே கிடைக்கோடு என்றால் கதிரை மேலும் கீழும் ஓட்டும் வெர்டிகல் ஐசி அல்லது அதன் சப்ளை. வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் தேடுங்கள், அந்தக் கோடு திரையின் உட்புற ஒளிப்பூச்சான பாஸ்பரைச் சுட்டுவிடும். மேல் பகுதி மட்டும் மடிந்து தெரிந்தால் ஐசியை மாற்ற வேண்டாம். அதன் பக்கத்தில் இருக்கும் 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் காய்ந்திருக்கும், 105 டிகிரி ரகம் போட்டால் நிமிர்ந்துவிடும். ஒரு நிறம் இல்லை என்று போர்டைத் திறக்கும் முன் கேபிள் பிளக்கைப் பாருங்கள், முதல் மூன்று பின்களில் ஒன்று வளைந்திருக்கும். மங்கலுக்கு ஃபிளைபேக்கின் ஃபோகஸ் திருகு. பெரும்பாலும் மேலே இருப்பது அது. கீழே உள்ள ஸ்க்ரீன் திருகைத் தெரியாமல் திருப்பினால் திரை முழுக்கச் சாய்ந்த கோடுகள் வரும். திருகினாலும் தெளியாமல் அரை மணி ஓடிய பிறகு தானே தெளிந்தால் ஃபிளைபேக்கையோ கழுத்து சாக்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும்.

கழுத்தில் பெயின்ட் போட்டு ஒட்டிய காந்த வளையங்களையும் யோக் ஆப்புகளையும் தொடவே தொடாதீர்கள். நிறங்கள் விலகினால் சரிக்கட்ட ஒரு நாள் போதாது. சோனியின் டிரினிட்ரான் வகை டியூபில் தெரியும் மெல்லிய கிடைநிழல் ஒன்றோ இரண்டோ கோளாறல்ல, திரைக்குப் பின்னுள்ள செங்குத்துக் கம்பி கிரில்லைப் பிடித்திருக்கும் கம்பிதான்.

சோதனையை 640க்கு 480, 60 ஹெர்ட்ஸில், அதாவது கிடை ஸ்கேன் 31.5 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகே 1024க்கு 768, 85 ஹெர்ட்ஸுக்குப் போகலாம். அங்கே ஸ்கேன் 68.7 கிலோஹெர்ட்ஸ், பாதி பிடித்த சால்டரெல்லாம் அந்தச் சுமையில்தான் மறுபடி விடும். மூடியைப் போடும் முன் டீகாஸ் பிளக்கைத் திரும்பச் சொருகியாகிவிட்டதா என்று பாருங்கள்.