அல்சூரில் ஓர் அறுபது ரூபாய்ப் புருவம்

பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து சந்தைப் பக்கம் நடந்தால், ஒரு மாடிப்படிக்குக் கீழே அந்த பார்லர் இருக்கிறது. பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டதால் கடையின் பெயர் எனக்கே தெரியாது. ஏரியாவில் எல்லோருக்கும் அது 'அக்கா பார்லர்'. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, கிறீச்சிடும் ஒரு ஃபேன். மூன்று வருஷமாக என் புருவம் அங்கேதான்.

நான் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். அக்காவிடம் போக ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஏசி போட்ட பெரிய சலூன் ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். "முகம் தூக்கலாத் தெரியும் மேடம்" என்று அந்தப் பெண் அடியிலிருந்து வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டே போனாள். எழுந்து பார்த்தால் மெல்லிசாக, உயரமாக இரண்டு கோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மேடையில்தான் வினை. பதத்தில், அதாவது அபிநயத்துக்கான பாட்டில், நான் கண்டிதா நாயகி, காதலன் ஏமாற்றியதால் கோபத்தில் இருப்பவள். ராத்திரியெல்லாம் வேறொருத்தி வீட்டில் இருந்துவிட்டு விடிந்ததும் வந்து நிற்கிறான் அவன். ஒற்றைப் புருவம் மெதுவாக ஏற வேண்டும், அப்புறம் இரண்டும் நெரிய வேண்டும். வீடியோவைப் பார்த்தால், கோபப்பட வேண்டிய இடத்தில் கேஸ் சிலிண்டர் விலை கேட்டவள் மாதிரி விழித்துக்கொண்டிருக்கிறேன். பென்சிலால் வரைந்ததும் இரண்டாவது உருப்படியிலேயே கரைந்து, வியர்வை நேரே கண்ணுக்குள் இறங்கியது. வியர்வையை ஓரமாகத் திருப்பிவிடும் வரப்பு புருவம் என்பது அன்றைக்குக் கண் எரிந்தபோதுதான் உறைத்தது.

நாட்டிய சாஸ்திரத்தில் புருவத்துக்கு மட்டும் ஏழு அசைவுகள் உண்டு. உயர்த்துவது, தாழ்த்துவது, நெரிப்பது என்று போய், ஏழாவது சகஜம். அதாவது புருவம் தன் பாட்டுக்கு இருப்பது. மாணவிகள் சிரிக்கும் இடம் இது. நானும் சிரித்தவள்தான்.

என்னிடம் ஆடும் ஐடி பெண் ஒருத்தி வேறொன்று சொன்னாள். 2003இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரபலங்களின் படங்களைத் திருத்தி, யாரென்று தெரிகிறதா என்று கேட்டார்களாம். கண்ணை அழித்தபோது 100க்கு 56 முகங்களை அடையாளம் கண்டவர்கள், கண்ணை விட்டுப் புருவத்தை அழித்தபோது 46ஐத்தான் கண்டுபிடித்தார்களாம். வருஷக்கணக்காக மையெழுதிக் கண்ணையே கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறேன்!

சரி, அக்காவுக்கு வருகிறேன். முதல் தடவை போனபோது என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இதுல எடுக்க என்ன இருக்கு டீச்சர்? மூணு மாசம் கழிச்சு வாங்க." தலைமுடி வருஷக்கணக்கில் வளரும். புருவ முடியின் வளர்ச்சி சில வாரங்களில் நின்றுவிடும், அதனால்தான் அது குட்டையாகவே இருக்கிறது. ஆனால் வேரோடு பிடுங்கிய இடம் நிரம்பப் பல மாதம் ஆகும். ஓயாமல் பிடுங்கினால் சில வேர்கள் திரும்புவதே இல்லை. என் வலப்புருவத்தின் வால் இன்னும் கொஞ்சம் சொட்டைதான்.

மூன்று மாதம் கழித்து உட்கார்ந்தபோது அவர் நூலைத் தொடவில்லை. "கொஞ்சம் கோபப்படுங்க பாக்கலாம்" என்றார். பட்டேன். "சிரிங்க." சிரித்தேன். புருவம் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே மடிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம்தான் பவுடர். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடிக்காமல் கழுத்தில் கட்டிக்கொள்கிறார், கொரோனாவுக்குப் பின் வந்த பழக்கமாம். முறுக்கிய நூல் விரல் விரிய விரிய 'சர்க் சர்க்' என்று ஓடி, அடியில் சிதறியிருக்கும் முடிகளை மட்டும் வாரிக்கொண்டு வரும். மேல் வரம்பில் கை வைப்பதே இல்லை. கடைசியில், வாசல் டப்பாவில் வளரும் கற்றாழையை ஒடித்துத் தடவுவார். முகப்பருவுக்கு ஏதாவது க்ரீம் போடுகிறீர்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுகிறார். சில க்ரீம்களால் தோல் மெலிந்து உரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. பவுடர் கண்ணில் விழும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் போனால் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் தவம். விளக்கெண்ணெயில் ஏதோ கலந்த பாட்டில் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார். வாங்கினேன், தலையணையுறை நாறியதுதான் மிச்சம்.

போன மாதம் அரங்கேற்றத்துக்காக என் மாணவியை அவள் அம்மா அங்கே கூட்டி வந்திருந்தார். பதினான்கு வயது, அப்பாவின் அடர்ந்த புருவம் அப்படியே. "நல்லா மெல்லிசா எடுங்க" என்றார் அம்மா. அக்கா குழந்தையைக் கோபப்படச் சொன்னார். கடைக்குள் எல்லோரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திப் பார்த்தோம். அப்புறம் நடுவிலிருந்து நான்கைந்து முடி எடுத்துவிட்டு "ஆச்சு" என்றார். அதற்கும் முழு அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.