பூட்டிய வீட்டின் தண்ணீர் மீட்டர்: ஊரில் இறங்கியதும் பார்க்க வேண்டியவை

விடுப்பில் ஊருக்கு வந்து வீட்டைத் திறந்ததும் குழாயைத்தான் முதலில் திறந்து பார்ப்போம். அதற்கு முன்பே மீட்டரைப் படம் எடுத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்திருக்கும் பில் சரியா தவறா என்று சொல்லக்கூடிய சாட்சி அந்த எண்கள் மட்டுமே. நாம் தண்ணீர் புழங்க ஆரம்பித்துவிட்டால் அந்தச் சாட்சி கலங்கிவிடும். இந்தப் பயணத்தில் தண்ணீர் இணைப்பு வேலையை முழுதாக முடித்ததில் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து ஊருக்குப் போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

படத்தில் எண் வரிசை, மீட்டரின் தொடர் எண், சீல் கம்பி மூன்றும் தெரிய வேண்டும். தொடர் எண்ணை பில்லோடு ஒப்பிடுங்கள். மீட்டரை மாற்றிய பிறகும் பதிவேட்டில் பழைய எண்ணே நிற்பதுண்டு. அடுக்குமாடிகளில் பக்கத்து வீட்டு மீட்டரோடு மாறிப்போவதும் உண்டு. சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டுக் குழாய் ஒன்றைத் திறந்துவிட்டு எந்த மீட்டர் சுற்றுகிறது என்று பாருங்கள்.

கறுப்பு எண்கள் கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். பெரும்பாலான பில்களில் அதுதான் ஒரு யூனிட். சிவப்பு எண்களும் சிறிய முள் வட்டங்களும் அதற்குக் கீழான அளவைக் காட்டுபவை. சிவப்பையும் சேர்த்து வாசித்துவிட்டால் கணக்கு பத்து, நூறு, ஆயிரம் மடங்காக ஏறும். தலைசுற்ற வைக்கும் பில் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, பூட்டிய வீடுகளை உண்மையில் வதைக்கும் சிக்கலுக்கு வருவோம். ரீடிங் எடுக்க வருபவரால் மீட்டரை எட்ட முடியாவிட்டால் பழைய பயன்பாட்டை வைத்துச் சராசரி பில் போடுவார்கள். பல மாதம் கழித்து உண்மையான ரீடிங் கிடைக்கும்போது மொத்த வித்தியாசமும் ஒரே மாதக் கணக்கில் விழலாம். கட்டணம் ஸ்லாப் முறையில் இருந்தால் இங்கேதான் அடி. ஓர் உதாரணம்: முதல் 10 யூனிட்டுக்கு ஒரு பங்கு, அடுத்த 10க்கு இரண்டு பங்கு, அதற்கு மேல் நான்கு பங்கு விலை என்று வைப்போம். ஆறு மாதத்தில் 48 யூனிட் ஓடியிருந்தால் மாதத்துக்கு 8; எல்லாமே முதல் ஸ்லாப், மொத்தம் 48 பங்கு. அதே 48ஐ ஒரே மாதத்தில் ஏற்றினால் 10, 20, 112 என்று 142 பங்கு ஆகிவிடும். அதே தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று மடங்குப் பணம்! எனவே மனுவில் "பில் அதிகம்" என்று மட்டும் எழுதினால் போதாது. கடைசி உண்மையான ரீடிங்கின் தேதி, இன்றைய ரீடிங், இடையிலான மாதங்கள் மூன்றையும் குறிப்பிட்டு, யூனிட்டுகளை அந்த மாதங்களுக்குப் பிரித்துப் போட்டு, கட்டிய சராசரித் தொகையைக் கழித்துத் தருமாறு கேளுங்கள். படத்தையும் இணையுங்கள்.

அடுத்தது கசிவு. எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டி நிறைந்ததும் நீரைத் தானே நிறுத்தும் மிதவை வால்வும் அடைத்திருக்கும்போது, டயல் நடுவே உள்ள சிறு நட்சத்திரச் சக்கரத்தைக் கவனியுங்கள். நின்றிருக்க வேண்டும். மெல்லச் சுற்றினாலும் எங்கோ நீர் போகிறது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்குச் சுமார் 20 லிட்டர். மிதவை வால்வின் வாஷர் காய்ந்து வெடித்திருப்பது பூட்டிய வீடுகளில் சகஜம். தொட்டியின் வழிகுழாயில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் இடங்களில் காற்றும் மீட்டரைச் சுழற்றும். விநியோகம் தொடங்கும்போது வெற்றுக் குழாயிலுள்ள காற்று, திறந்து கிடக்கும் மிதவை வால்வு வழியாக வெளியேறப் பார்க்கும். நான்-ரிட்டர்ன் வால்வு இதைத் தடுக்காது. மீட்டர் பின்னோக்கிச் சுற்றுவதைத்தான் அது தடுக்கும். ஆளில்லாத வீட்டில் மீட்டரை ஒட்டிய வால்வை மூடி வைப்பதே தீர்வு.

மீட்டரே தவறாகக் காட்டுகிறது என்று தோன்றினால் வாளி சோதனை செய்யலாம். தொட்டிக்கு முன்னால், நேர் இணைப்பில் உள்ள குழாயில்தான் செய்ய வேண்டும். தொட்டிக்குப் போகும் வழியை அடைத்துவிடுங்கள். வாளியில் அச்சிட்ட அளவை நம்பாமல் எடை போடுங்கள்: 20 கிலோ நீர், 20 லிட்டர். ஐந்து வாளி பிடித்தால் 100 லிட்டர் ஓடியிருக்க வேண்டும். தண்ணீர் மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4064இன் இரண்டாம் வகுப்பு மீட்டருக்குப் புதிதில் அனுமதிக்கும் பிழை, சாதாரண ஓட்டத்தில் கூடவோ குறையவோ 2 சதவீதம். வாளிக் கணக்கிலும் பிழை இருக்கும் என்பதால் 95க்கும் 105க்கும் இடையில் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். வெளியே வந்தால் மட்டும் கட்டணம் கட்டி மீட்டர் பரிசோதனை கேளுங்கள்.

பழைய மீட்டர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். இதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள். அரை அங்குல மீட்டரின் டயலில் க்யூ3 2.5 (தொடர்ந்து தாங்கும் ஓட்டம், மணிக்கு 2.5 கன மீட்டர்), ஆர் 80 (அந்த ஓட்டத்தை எதனால் வகுத்தால் மிகக் குறைந்த ஓட்டம் வரும் என்ற எண்) என்றிருந்தால், அது நம்பகமாக அளக்கும் மிகக் குறைந்த ஓட்டம் மணிக்குச் சுமார் 31 லிட்டர். மிதவை வால்வு மூடும் தறுவாயில் ஒழுகும் நீர் அதற்கும் கீழே போய்விடும். தேய்ந்த மீட்டரில் இந்த இழப்பு இன்னும் கூடும். புதிய மீட்டர் வைத்ததும் யூனிட் கூடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் உள்ளே வடிகட்டியில் மண் அடைத்தால் நிலைமை மாறலாம்: சில துளைகள் மட்டும் திறந்திருக்க, பீய்ச்சல் வேகம் கூடி, அதிகமாகவும் காட்டும். சீலை நாமே உடைத்துச் சுத்தம் செய்யக் கூடாது. எழுதிக் கொடுத்து, தண்ணீர் இணைப்பு தந்த அலுவலகத்தாரையே திறக்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது வால்வை மூடினால் யூனிட் நிற்கும், நிலைக் கட்டணம் நிற்காது. நீண்ட காலம் வரப் போவதில்லை என்றால் தற்காலிகத் துண்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். திரும்ப இணைக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பழைய கேட் வால்வுகள் மூடியது போலத் தெரிந்தாலும் உள்ளே நீரைக் கசியவிடும். மூடிய பின், நீர் வரும் நேரத்தில் ஒரு குழாயைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் நட்சத்திரச் சக்கரம் அசையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுக் கடைசி ரீடிங்கைப் படம் எடுங்கள்.