மேரேஜா, வெட்டிங்கா?

ஆங்கிலத்தில் அழைப்பிதழ் அச்சிடுகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறார்கள்.

பிறப்பு: மேரேஜ், பிரெஞ்சிலிருந்து வந்தது; மூலம் லத்தீன் 'மரீட்டுஸ்', அதாவது கணவன். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின் நுழைந்த சொற்களில் ஒன்று. வெட்டிங் அதற்கும் மூத்தது. பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்றால் பிணை, வாக்குறுதி. பந்தயத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'வெட்டே' இதன் பங்காளி. எங்கேஜ்மென்ட்டும் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த இதே குடும்பத்துச் சொல்தான். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வேர், சம்பந்தம் பொருந்திவிட்டது!

பொருள்: மேரேஜ், வாழ்நாள் உறவு. வெட்டிங், விழா மட்டும்.

(மணவாழ்வைக் குறிக்கும் 'வெட்லாக்' என்ற சொல்லில் பூட்டு எதுவும் இல்லை. அந்த 'லாக்' செயலைக் குறித்த பழைய விகுதி. கணவர்கள் நம்ப மாட்டார்கள்.)

பயன்பாடு: சான்றிதழ், சட்டம், பதிவு என்றால் மேரேஜ். அழைப்பிதழ், மோதிரம், கேக் என்றால் வெட்டிங். 'மேரேஜ் ஹால்', 'மேரேஜ் ஆனிவர்சரி' என்பவை இந்திய ஆங்கில வழக்கு. உள்ளூரில் தாராளமாக எழுதலாம். லண்டன் நண்பருக்குப் போகும் வாழ்த்து அட்டையில் வெட்டிங் என்றே போடுங்கள்.