முண்டு மிளகாய்க்கு மான்கோசெப்பா, அசாக்சிஸ்ட்ரோபினா?

மழை விட்டதும் ராமநாதபுரம் மாவட்டத் தேவிபட்டினம் பக்கம் மிளகாய்ப் பழத்தில் குழிந்த வட்டமும் அதற்குள் கரும்புள்ளிகளும் தெரியும். பூஞ்சையால் வரும் பழ அழுகல்தான். அப்புறம் மருந்துக்கடையில் இந்தக் கேள்வி: இரண்டு பூஞ்சைக்கொல்லிகளில் எதை வாங்குவது?

செலவு: மான்கோசெப் மலிவு. அசாக்சிஸ்ட்ரோபின் கையைக் கடிக்கும்.

அளவு: லிட்டர் தண்ணீருக்கு மான்கோசெப் தூள் 2 கிராம், அசாக்சிஸ்ட்ரோபின் 1 மில்லி.

மழை: மான்கோசெப் இலைமேல் மஞ்சளாகப் படியும், பெருமழையில் கழுவிப்போகும். மற்றது இலைக்குள் ஊடுருவும்.

எதிர்ப்பு (மருந்துக்குப் பூஞ்சை பழகித் தப்புவது): விஷயமே இங்கேதான். அசாக்சிஸ்ட்ரோபின் பூஞ்சையின் சைட்டோகுரோம் பி என்ற ஒரே புரதத்தைப் பிடித்து மூச்சை நிறுத்துகிறது. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 143-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் அலனின் ஆனால் போதும், மருந்து ஒட்டாது. தெளிக்கத் தெளிக்க அந்த மாற்றம் உள்ள பூஞ்சை வித்துகள் மட்டும் பெருகும். கடைக்காரர் டிரைஃபிளாக்சிஸ்ட்ரோபின் என்று வேறு டப்பா நீட்டுவார். அதுவும் அதே பூட்டுக்கான சாவிதான், காசுதான் வீண். மான்கோசெப் பல நொதிகளை ஒரே நேரத்தில் தாக்குவதால் ஒரு மாற்றத்தால் தப்ப முடியாது.

நோய் வருமுன் காக்க, கையில் காசு குறைவு என்றால் மான்கோசெப். விடாத மழை, கூடவே சாம்பல் நோய் என்றால் அசாக்சிஸ்ட்ரோபின். பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு முறை, நடுவில் மான்கோசெப் தெளித்து.