பின்கட்டுத் தோட்டத்துக் கோய் குளம்: இடித்துப் பெரிதாக்கித் தந்த பணியைப் பற்றிய மதிப்புரை

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அலங்கார மீன் குளங்கள் கட்டித் தரும் ஒரு சிறு குழுவிடம், எங்கள் வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் இருந்த பழைய கோய் (ஜப்பானிய வண்ணக் கெண்டை மீன்) குளத்தை இடித்து, ஆழப்படுத்தி, பெரிதாக்கும் வேலையை ஒப்படைத்திருந்தோம். வேலை முடிந்து ஒரு முழுக் கோடையும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையும் கடந்துவிட்டதால், இப்போது அதைப் பற்றி எழுதுவது நியாயமாக இருக்கும் என்று நினைக்கிறேன். குளம் எப்படி இருக்கிறது என்பதைத் தண்ணீர் நிரப்பிய அன்று யாராலும் சொல்ல முடியாது. கட்டுமானத்திலும் குழாய் வேலையிலும் இந்தக் குழு மிகச் சிறப்பாகச் செய்தது. ஆனால் அந்தக் குளத்தில் மீன் உயிரோடு வாழ்வதற்குத் தேவையான நீரியல் அறிவில் அது இன்னும் வளர வேண்டியிருக்கிறது. குறைகளையும் எழுதுவதால் குழுவின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எந்த ஊரில், யாரிடம் இந்த வேலையைக் கொடுத்தாலும் பார்க்க வேண்டியவை இவையே.

பழைய குளம் எட்டு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் கொண்டது. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர் என்று கணக்கிட்டால் அதில் 2,800 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். வளர்ந்த கோய் ஒன்றுக்குக் குறைந்தது 1,000 லிட்டராவது வேண்டும் என்பது இதை வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. எங்களிடமோ ஒன்பது மீன்கள் இருந்தன. குட்டியாக வாங்கும்போது விரல் நீளம் இருக்கும் இந்த மீன், நல்ல குளத்தில் இரண்டடிக்கு மேல் வளரக்கூடியது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. ஜப்பானின் நீகாத்தா மலைக்கிராமங்களில், பனி பொழியும் ஊர்களில், வண்ணம் தேர்ந்து வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. அதைச் சித்திரை வெயிலில் இரண்டரை அடித் தண்ணீரில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அறிவியலில் தெளிவான விடை உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் அதிக அளவாக 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 32 டிகிரியில் அது 7.3 மில்லிகிராமாகக் குறைகிறது. வெயிலில் பச்சையாகிப்போன தண்ணீரில் உள்ள பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் இரவு முழுவதும் அதை உட்கொள்ளும் என்பதால், விடியற்காலையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். ஆழம் வேண்டும், அளவு வேண்டும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது இதனால்தான்.

புதிய குளம் பதினைந்து அடி நீளம், ஒன்பது அடி அகலம், நாலரை அடி ஆழம். கொள்ளளவு ஏறத்தாழ 17,000 லிட்டர். இடம் பார்க்க வந்தபோதே குழுவின் தலைமைக் கொத்தனார் பழைய இடத்தை ஒட்டியிருந்த வேப்பமரத்திலிருந்து சில அடி தள்ளிக் குளத்தை நகர்த்தச் சொன்னார். இலையுதிர்வும் வேரும் இரண்டுமே குளத்துக்குப் பகை என்பது சரியான யோசனை. எங்கள் பகுதியில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே செம்புறாங்கல் படுகை வந்துவிடும். கரிசல் மண்ணைப் போல அது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவதில்லை என்பதால் தொட்டியின் அடித்தளத்துக்கு நல்லது. ஆனால் தோண்டுவது எளிதல்ல. இயந்திரம் நுழைய வழியில்லாத பின்வாசல் என்பதால் முழுவதையும் கடப்பாறையாலும் சம்மட்டியாலும் உடைத்தார்கள். உடைந்தவற்றில் நல்ல கற்களைத் தேர்ந்து செதுக்கி, அவற்றையே குளத்தின் விளிம்புக்குக் கட்டுக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். வெட்டியெடுத்த செம்புறாங்கல் காற்றுப் படப்பட இறுகும் என்பதை அறிந்தவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். ஊருணிக் கரைகளில் நாம் பார்த்துப் பழகிய அந்தச் சிவப்பு, வீட்டுத் தோட்டத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பழைய குளத்தின் மூன்று சுவர்களை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் இடித்து நீட்டினால் செலவு குறையுமே என்று என் தாயார் கேட்டார். அதற்குக் கொத்தனார் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஆச்சி, பழைய சுவரோட புதுச் சுவர் ஒட்டின மாதிரிதான் இருக்கும், ஒட்டாது. கோடையில அந்த எடத்துல விட்டுரும்." உறைந்து பல ஆண்டுகளான கான்கிரீட்டோடு புதிய கான்கிரீட் சேரும் இணைப்பு எப்போதும் பலவீனமான இடம், கம்பியைத் துளையிட்டு ஏற்றி, பிணைப்புப் பசை பூசி, நீர்த்தடுப்புப் பட்டை வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் இரண்டரை அடி ஆழத்துக்கு ஊன்றிய சுவரைக் கீழே நோக்கி ஆழப்படுத்தவும் வேண்டியிருந்த நிலையில், முழுவதையும் இடிப்பதுதான் நேர்மையான ஆலோசனை. கூடுதல் வேலையைப் பிடிப்பதற்காக அவர் இதைச் சொல்லவில்லை. விலைப்பட்டியலில் இரண்டு வழிகளுக்குமான தொகையைத் தனித்தனியே எழுதிக் காட்டிவிட்டுத்தான் சொன்னார்.

உட்பூச்சு பற்றி வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு கருத்து இருந்தது. முட்டையின் வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெழுகிய நம் வளவுச் சுவர்கள் தலைமுறைகளாகப் பளபளக்கும்போது, குளத்துக்கும் அதையே பூசலாமே என்றார்கள். நானும் அந்தச் சுவர்களின் மேல் பெருமதிப்புக் கொண்டவன். ஆயினும் புதிய சுண்ணாம்பும் புதிய சிமென்ட்டும் தண்ணீரின் பிஎச் அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணை) மீன் தாங்க முடியாத உயரத்துக்குக் கொண்டுபோகும். குழு இதில் உறுதியாக நின்றது. கம்பி கட்டிய ஆறு அங்குலக் கான்கிரீட் சுவரை எழுப்பி, ஈரச் சாக்குகளைப் போர்த்தி நனைத்தபடியே வைத்திருந்தார்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள் நீராற்ற வேண்டும் என்று ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தர விதி சொல்கிறது; வெயில் கொளுத்தும் நேரத்தில் பல இடங்களில் மூன்று நாளிலேயே நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அந்த விதியை மீறவில்லை. பிறகு நெகிழ்தன்மை கொண்ட நீர்த்தடுப்புப் பூச்சும், அதன் மேல் குடிநீர்த் தொட்டிகளுக்குப் பயன்படும் எபாக்ஸி பூச்சும் கொடுத்தார்கள்.

கசிவுச் சோதனையை அவர்கள் செய்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. குளத்தை நிரப்பிச் சுவரில் கோடு போட்டதோடு, அதே தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, குளத்துக்குள் முதல் படியில் வைத்து, அதிலும் கோடு போட்டார்கள். வாளியில் இறங்கிய அளவே குளத்திலும் இறங்கியிருந்தால் அது ஆவியானது. குளத்தில் கூடுதலாக இறங்கியிருந்தால் அது கசிவு. வறண்ட காற்று வீசும் நம் ஊரில் இந்த ஒப்பீடு இல்லாமல் கசிவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றாகவே இறங்கின.

இனி வடிகாலும் வடிகட்டியும். ஒரு கோய் குளத்தின் இதயம் இதுவே. வாடிக்கையாளர்கள் அருவிக்கும் சிலைகளுக்கும் பணம் கொடுத்துவிட்டு இதில் சிக்கனம் பிடிப்பதுதான் பெரும்பாலான குளங்கள் கெட்டுப்போகக் காரணம். தரையை நான்கு பக்கமும் நடுவை நோக்கிச் சரித்து, நடுவில் நான்கு அங்குலக் குழாயோடு கூடிய தரைவடிகாலை வைத்தார்கள். அங்கிருந்து தண்ணீர் மோட்டாரின் இழுப்பு இல்லாமல், தன் மட்டத்தாலேயே பக்கத்து அறைக்குப் போகிறது. இந்த அமைப்பின் நன்மை பெரியது: மீனின் கழிவு மோட்டாரின் சிறகில் அரைபட்டுக் கரைவதற்கு முன், முழுதாகவே வண்டல் அறையில் படிந்துவிடுகிறது. அடுத்த அறையில் பிரஷ்கள், அதற்கடுத்த அறையில் காற்று ஊதிச் சுழலும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்கள். இந்தச் சக்கரங்களின் மேல்தான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். கடைசி அறையில் மோட்டார். அங்கிருந்து யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு வழியாகத் தண்ணீர் குளத்துக்குத் திரும்புகிறது. இரண்டு மணி நேரத்தில் குளம் முழுவதும் ஒருமுறை சுற்றி வருகிறது. திரும்பும் குழாய்களைச் சுவரை ஒட்டிச் சாய்வாக வைத்ததால் தண்ணீர் வட்டமாகச் சுழன்று கழிவை நடுவடிகாலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதற்காக மட்டுமே இந்தக் குழுவைப் பரிந்துரைக்கலாம்.

வண்டல் அறையின் கழிவுக் குழாயை வாழைப்பாத்திக்குக் கொண்டுபோய் விட்டதும் நல்ல செயல். வாரம் பத்து விழுக்காடு தண்ணீரை மாற்றினால் 1,700 லிட்டர் வெளியேறும். தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் அதைச் சாக்கடையில் விட மனம் வராது. நைட்ரேட் நிறைந்த அந்த நீர் வாழைக்கு உரமும் ஆகிறது. ஆனால் வடிகட்டி அறைகளுக்கு அவர்கள் போட்ட கடப்பைக்கல் மூடிகள் பெரும் தவறு. பிரஷ்களை வாரந்தோறும் கழுவ வேண்டிய அமைப்பில், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மூடியைப் போடுவது எப்படி? பிறகு கண்ணாடியிழை மூடிகளாக மாற்றித் தந்தார்கள், அதற்கும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு.

இதைவிடக் கவலை தந்தது ஒப்படைப்பு நாளில் அவர்கள் சொன்னது. மோட்டாரை இயக்கிவிட்டு, நாளைக்கே மீனை விடலாம் என்றார்கள். புதிய வடிகட்டியில் நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை அந்த அறைகள் அழகான வெறும் தொட்டிகள். நம் வெப்பத்தில் இது இன்னும் ஆபத்தானது. தண்ணீரில் உள்ள மொத்த அம்மோனியாவில், மீனைக் கொல்லும் நச்சு வடிவத்தின் பங்கு வெப்பத்தோடும் பிஎச் அளவோடும் கூடுகிறது: பிஎச் 8 இருக்கும்போது 20 டிகிரியில் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருப்பது, 30 டிகிரியில் 7 விழுக்காட்டைத் தாண்டுகிறது. குளிர்நாட்டு வழிகாட்டிகளில் பாதுகாப்பானது என்று போட்டிருக்கும் அம்மோனியா அளவு நமக்குப் பாதுகாப்பானது அல்ல. வேலை நடந்த காலத்தில் மீன்களுக்காக மாமர நிழலில் தார்ப்பாய்த் தொட்டியும் காற்றுக் குழாயும் அமைத்துத் தந்தவர்கள் இதே குழுவினர்தான். அத்தனை அக்கறை உள்ளவர்கள் இந்த இடத்தில் மட்டும் அவசரப்பட்டது வருத்தம் தருகிறது. நாங்கள் பழைய குளத்து வடிகட்டியின் பஞ்சுகளைக் கழுவாமல் புதிய அறையில் போட்டு நுண்ணுயிர்களை விதைத்து, ஒன்றிரண்டு மீன்களாக விட்டு, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துக்கொண்டே முன்னேறினோம். நைட்ரைட் ஏறிய நாட்களில் 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்தோம். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கும். ஒன்பது மீன்களும் நலம். சோதனைப் பெட்டி ஒன்றை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதைக் குழு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

மழைநீர் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. பின்கட்டு ஓட்டுக் கூரையின் தண்ணீரை நேராகக் குளத்துக்கு விடலாம் என்றார்கள். கூரைத் தண்ணீரைச் சேமிப்பது செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பிலேயே உள்ள பண்பு என்பதால் கேட்பதற்கு இனிமையாக இருந்தது. ஆனால் 1,000 சதுர அடிக் கூரையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் வரும். குளத்தின் பாதிக்கு மேற்பட்ட அளவு. ஓட்டின் தூசியும் பறவை எச்சமும் சேர்ந்த அத்தனை குளிர்ந்த நீர் ஒரே இரவில் விழுந்தால் வெப்பமும் பிஎச் அளவும் சட்டென்று மாறி மீன்கள் நோயுறும். காரணத்தைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டு, அந்தக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். செம்மண் கரைந்து உள்ளே வராதபடி விளிம்பைத் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தியிருந்ததால், கார்த்திகை மழையிலும் தண்ணீர் கலங்கவில்லை.

செலவு மொத்தம் நான்கு லட்சம் ரூபாயை ஒட்டி வந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வடிகட்டிக்கும் மோட்டாருக்கும். மின்செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்: மோட்டார் 110 வாட், காற்றுப் பம்பு 60, யூவி விளக்கு 40, எல்லாம் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 5 யூனிட், இரண்டு மாதக் கணக்கெடுப்புக்கு 300 யூனிட். வீட்டின் மொத்த நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மின்தடை நேரத்தில் காற்றுப் பம்பு மட்டுமாவது இன்வெர்ட்டரில் ஓடும்படி தனி இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமலே செய்த வேலை இது.

கசிவுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். மோட்டாருக்கு அதன் நிறுவனம் தரும் உத்தரவாதம் மட்டுமே. புதைத்த குழாய்களின் வரைபடத்தைப் பலமுறை கேட்டும் இன்னும் தரவில்லை. மேற்கு வெயிலுக்கு நிழல்வலை அமைக்கும் வேலையும் பாக்கியிருக்கிறது. வேப்பமரத்தை விட்டு விலகியதால் பிற்பகல் மூன்று மணிக்குக் குளம் முழுவதும் வெயிலில் இருக்கிறது. சென்ற கோடையில் தற்காலிகமாகப் போட்ட கீற்றுப் பந்தல் உதவியது என்றாலும் உதிர்ந்த ஓலைத் துணுக்குகள் வடிகட்டியை அடைத்தன. இரும்புக் கால்களில் பாதி வெயிலைத் தடுக்கும் வலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். பங்குனி பிறப்பதற்குள் அதை முடித்து, வரைபடத்தையும் கையில் கொடுத்த பிறகே கடைசித் தவணையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம், அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.